தோலில் வாழும் விலங்குகள்

தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து குடியேறிய முதல் தலைமுறைப் பெண்டிர் பலருடைய முன்கையில் மங்கிய பச்சை நிறத்தில் சில கோலங்கள் இருந்தன. புள்ளிகள், கணவன் அல்லது உடன்பிறந்தான் பெயர், தேர், மயில், மீன் என அவை பலவகைப்படும். அவற்றோடு தேளும் இருந்தது. பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் சென்று உத்தியோகம் பார்க்கத் தொடங்கியபின், அந்தத் தேளைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்ட தாய்மார்களும் உண்டு. பட்டிக்காட்டு வழக்கம் என்று அது எண்ணப்பட்டதே காரணம். அந்தத் தாய்மார்களின் கொள்ளுப்பேரன்மார் இன்று பணங்கொடுத்து மின்னூசியால் அதே முன்கையில் புலியும் ஓநாயும் குத்திக்கொள்கின்றனர்.

பச்சை குத்தும் கடைகளில் விலங்குப் படங்களைக் காட்டும் ஏடுகள் உண்டு. படத்தைக் கேட்பவனுக்கு அதன் பொருளும் சொல்லப்படும். புலி வீரம், ஆந்தை அறிவு, யானை நினைவாற்றல், பாம்பு மறுபிறப்பு என்று அகராதியில் சொல்லுக்குப் பொருள் கூறுவதுபோல் கூறிவிடுவர். ஒரு விலங்குக்கு ஒரு பொருள் என்னும் இக்கொள்கை எளிதாக இருக்கிறது. ஆனால் உண்மையாக இல்லை. அந்தந்த மக்கள் அந்தந்த விலங்கை ஏன் தம் உடலில் ஏற்றனர் என்று பார்க்கத் தொடங்கினால், அகராதி முதல் அடியிலேயே தவறிவிடுகிறது.

பச்சையும் தொய்யிலும்

முதலில் சொல்லைத் தெளிவுசெய்துகொள்ளுதல் நன்று. குத்துவது கரி, தோன்றுவது பச்சை. கருநிறக் கரித்தூள் மேல்தோலுக்குக் கீழேயுள்ள உள்தோலில் தங்கும்போது, அதன்மேல் படியும் ஒளி தோலினூடே சிதறி வருகின்றது. அவ்வாறு சிதறுவதில் நீலக்கூறு மிகுதி. ஆகவே கருமை நீலம் பாய்ந்த பச்சையாகக் கண்ணுக்குப் படுகிறது. தமிழர் கண்டதைக் கண்டபடியே பெயரிட்டனர்.

வகுப்பறைகளில் தொய்யிலைப் பச்சை என்று விளக்கிவிடுவதுண்டு. அது பொருந்தாது. சங்க இலக்கியம் கூறும் தொய்யில், மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனம் முதலியவற்றின் குழம்பால் எழுதப்படும் கோலம். கரும்பும் கொடியும் அதில் வரையப்பட்டன. தலைவன் எழுத, தலைவி ஏற்பதாக வரும் இடங்கள் கலித்தொகையை அறிந்தார்க்குத் தெரியும். நீராடினால் அழிவது தொய்யில். அழிவதனாலேயே அது காதலின் அடையாளமாயிற்று. பச்சையோ குத்தப்பட்டவர் உடலோடு கிடப்பது. அழியும் கோலத்துக்கும் அழியாக் கோலத்துக்கும் ஒரே விளக்கம் தருதல் இரண்டையும் இழப்பதாகும்.

அது ஏன் அழிவதில்லை என்பதும் அண்மையில்தான் நன்கு விளங்கிற்று. நெடுங்காலம், கரித்தூள் தோலின் உயிரணுக்களில் ஒட்டி அப்படியே கிடக்கிறது என்று கருதப்பட்டது. 2018இல் பிரான்சு நாட்டு மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளைக்கொண்டு வேறொன்றைக் காட்டினர். உடலுக்குள் புகும் அயற்பொருளை விழுங்கும் ஒருவகை அணுக்கள் கரித்தூளையும் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை மடியும்போது தூள் வெளிப்படுகிறது. உடனே அவ்விடத்துக்கு வரும் புதிய அணுக்கள் அதனை விழுங்கிக்கொள்கின்றன. ஏந்தியிருக்கும் அணுக்கள் மாறிக்கொண்டேயிருக்க, தேள் மட்டும் அசையாமல் இருக்கிறது.

குறத்தியின் தேள்

தமிழகத்தில் பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் குலப் பெண்டிர். ஊர் ஊராகச் சென்று, கூடை முறமும் விற்று, குறியும் சொல்லி, கேட்டவர்க்குப் பச்சையும் குத்தினர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் தென்னாட்டுக் குலங்களைப்பற்றி எழுதியவிடத்து இத்தொழிலையும் குறித்திருக்கிறார். மஞ்சள்தூளையும் அகத்தியிலையையும் சேர்த்து மெல்லிய துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவர். ஆமணக்கெண்ணெய் வார்த்த விளக்கில் அத்திரியை எரித்து, மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியின் உட்புறம் படிந்த கரியைச் சுரண்டி, தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். மூன்று நான்கு தையலூசிகளைச் சேர்த்துக் கட்டியதே கருவி. வலியை மறக்கச் செய்ய, குத்துகின்றவள் பாடிக்கொண்டே குத்துவாள். இந்தப் பாட்டுகள் தனியே தொகுக்கத்தக்க செல்வம், தொகுத்தது போதாது.

இவ்வளவு கைத்திறனும் கொண்ட இம்மக்களை, ஆங்கில ஆட்சி குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்து, இடம்விட்டு இடம் பெயர்வதையே ஐயத்துக்குரிய செயலாக்கிற்று. பச்சை குத்துவோர் ஊர் சுற்றாமல் தொழில் செய்தல் இயலாது. அவ்வழக்கம் குன்றியதற்கு நாகரிகம் மட்டுமே காரணமன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தேளுக்கு வருவோம். தேள் குத்திக்கொண்டவரைத் தேள் கொட்டாது, கொட்டினாலும் நஞ்சு ஏறாது என்பது நாட்டார் நம்பிக்கை. இதனை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. அந்தக் கை எங்கெல்லாம் நுழைந்தது என்று பார்த்தால் வேறொன்று புலப்படும். விறகுக் கட்டுக்குள், வறட்டி அடுக்குக்குள், வைக்கோற்போருக்குள், கூரையின் பனையோலைக்குள், இருட்டில் அடுப்பங்கரை மூலைக்குள் நாள்தோறும் நுழைந்த கை அது. தேள் அவ்விடங்களிலெல்லாம் குடியிருக்கும். புலியைக் கதையில் மட்டுமே அறிந்த பெண்ணுக்குப் புலி வேண்டியதில்லை. கைக்கெட்டும் தொலைவில் உள்ள பகையைக் கையிலேயே நிறுத்திவைத்தாள். கடை ஏட்டில் தேளுக்குப் பழிவாங்கும் குணம் என்று பொருள் எழுதியிருக்கலாம். ஆனால் அப்பெண்ணின் தேள் யாரையும் பழிவாங்குவதற்காகக் குத்தப்பட்டதன்று. அச்சத்தோடு வேலைக்குப் போகவேண்டியவளுக்குத் துணையாகக் குத்தப்பட்டது.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. பொன்னும் மணியும் திருட்டுப்போகும், அடகுக்குப் போகும், இறந்தபின் கழற்றப்படும். பச்சை ஒன்றே உடலோடு சுடுகாடு வரை வரும் அணி என்பர். இந்தியாவின் பல பகுதிகளிலும் இதே கருத்து வழங்குகிறது. காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லாத பெண்ணுக்கு மயிலும் மீனும் கொடுத்த நிறைவு இதுவே.

நாய் தேளான கதை

தேளைப்பற்றி வேறொரு செய்தி மிக அருகிலேயே, சரவாக்கில், இருக்கிறது. போர்னியோத் தீவின் காயான் மக்களுடைய கலைகளிலெல்லாம் ஓர் உருவம் திரும்பத் திரும்ப வரும். கதவிலும், குழந்தையைச் சுமக்கும் பலகையின் மணிவேலையிலும், கத்திப்பிடியிலும் அதனைக் காணலாம். அதன் பெயர் அசோ, பொருள் நாய். ஆயினும் நாயை எதிர்பார்த்துப் பார்ப்பவருக்கு நாய் தென்படாது. பெரிய வட்டக் கண் ஒன்று, நீண்டு வளைந்த பற்கள், அங்கிருந்து கொடிபோல் கிளைத்துச் சுருளும் உடல், அவ்வளவே. தமிழ்நாட்டுக் கோயில் தூணில் யாளியைக் கண்டு பழகிய கண்ணுக்கு ஓரளவு பிடிபடும். குழந்தைச் சுமைப்பலகையில் முழு அசோவை இடும் உரிமை உயர்குடியினர்க்கே இருந்தது. ஆகவே அது வெறும் நாயன்று, குடிப்பெருமையின் முத்திரை.

காயான் மகளிர் தொடையிலும் கைகளிலும் நிறையப் பச்சை குத்திக்கொண்டனர். குத்துபவர்களும் பெண்களே. ஆண்கள் மரக்கட்டையில் கோலத்தைச் செதுக்கித் தருவர். பெண் அக்கட்டையில் கரிக்குழம்பைத் தடவி உடலில் பதித்து, அப்பதிவின்மேல் ஊசி பொருத்திய கோலை வைத்துச் சிறு தடியால் தட்டித் தட்டிக் குத்துவாள். ஒரே நாளில் முடிவதில்லை. சிறுமிப் பருவத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடக்கும். முற்றுப்பெற்ற பச்சை, இறந்தபின் இருள் சூழ்ந்த மறுவுலகில் தீப்பந்தமாக வழிகாட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. தமிழ்ப் பெண்ணுக்குச் சுடுகாடு வரை வரும் அணி, காயான் பெண்ணுக்கு அதற்கு அப்பாலும் விளக்காக எரிகிறது.

சரவாக்கில் அதிகாரியாயிருந்த சார்லஸ் ஹோஸ் என்பாரும் வில்லியம் மக்டூகல் என்பாரும் 1912இல் போர்னியோ மக்களைப்பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டனர். அதில் பச்சைக் கோலங்களைப் படமாக வரைந்து, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறந்தது என்று ஆராய்ந்துள்ளனர். இபான் மக்கள் காயானிடமிருந்து கோலங்கள் பலவற்றை ஏற்றனர். அவ்வாறு ஏற்றபோது உருவம் வந்தது, பெயர் வரவில்லை. காயானின் நாயை இபான் இளைஞன் தன் தோளில் குத்திக்கொண்டு, அதனைக் காலா என்று அழைத்தான். காலா என்றால் தேள். வளைந்த பற்கள் கொடுக்காயின. சுருண்ட உடல் வாலாயிற்று. படத்தில் பெரிய மாற்றமில்லை. பார்க்கும் கண்தான் மாறிற்று.

இதனைக் கலைச் சிதைவு என்று அக்கால ஆய்வாளர் கருதினர். அவ்வாறு கருதவேண்டுவதில்லை. வடமொழிச் சொல் தமிழுக்கு வந்து வேறு பொருள் பெறுவதைச் சிதைவு என்று எந்தத் தமிழாசிரியரும் வருந்துவதில்லை. தமிழின் ஆட்சி என்றே கொள்வர். இபான் தேளும் அவ்வாறே இபான்களுடையது.

இபான் ஆடவர் பச்சையில் தனிமனிதன் வாழ்க்கை எழுதப்பட்டிருக்கும். இளைஞன் ஊரைவிட்டு முதற்பயணம் புறப்படும்போது இரு தோளின் முன்புறத்திலும் புங்காய் தெரோங் எனப்படும் கத்தரிப்பூவைக் குத்துவர். பூவின் நடுவிலுள்ள சுருளுக்கு உயிர்க்கயிறு என்பது பெயர். பின்னர் அவன் சென்ற ஆறுகள், தங்கிய நீளவீடுகள், கூலிக்குழைத்த ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கோலம் சேரும். முதியவனது முதுகையும் கழுத்தையும் பார்த்தே அவன் எவ்வளவு தூரம் நடந்தவன் என்று சொல்லிவிடலாம். மலாயாவில் அவசரகாலம் நிலவிய 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் காட்டுத்தடம் பார்க்க அழைத்துவரப்பட்ட இபான் வீரர்கள் இக்கோலங்களோடுதான் வந்தனர். அவர்களைக் கண்டு அஞ்சியவர்கள் பலர். அஞ்சியவர்கள் கண்டது தேளை. அவர்கள் அணிந்திருந்தது பயணக் குறிப்பேடு.

பேசாத உடல்கள்

விலங்குப் பச்சையின் தொன்மையை அறிய எகிப்துக்குச் செல்லவேண்டும். அங்கே கெபெலேன் என்னுமிடத்து மணலில் இயற்கையாகவே உலர்ந்து கிடந்த உடல்கள் 1900ஆம் ஆண்டளவில் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றுள் ஓர் இளைஞனின் வலது மேற்கையில் ஏதோ கறை இருந்தது. நூறாண்டுக்கும் மேலாக மக்கள் அதனைப் பார்த்துச் சென்றனர். 2018இல் அகச்சிவப்புக் கதிர்கொண்டு படம் எடுத்தபோது அக்கறை இரண்டு விலங்குகளாயிற்று. ஒன்று நீண்ட வாலும் கொம்பும் உடைய காளை. மற்றொன்று வளைந்த கொம்புடைய காட்டாடு. அவன் வாழ்ந்தது கி.மு. 3351க்கும் 3017க்கும் இடைப்பட்ட காலம். உருவத்தைக் காட்டும் பச்சைகளுள் இதுவரை கிடைத்தவற்றில் இவையே மிகப் பழையவை. ஆல்ப்ஸ் பனியில் 1991இல் கிடைத்த மனிதன் ஏறத்தாழ அதே காலத்தவன்; அவன் உடலில் 61 பச்சைக் குறிகள் இருந்தும் எல்லாம் கோடுகளே, விலங்கு ஒன்றும் இல்லை.

கெபெலேன் இளைஞன் முதுகில் குத்துண்டு இறந்தவன். காளை வலிமையின் அடையாளம், எனவே அவன் வீரன் என்று சிலர் எழுதினர். அப்படியும் இருக்கலாம். மாடு மேய்த்தவனாயினும் அவன் கையில் காளை இருந்திருக்கும்.

சைபீரியாவின் தென்கோடியில் அல்தாய் மலைகளில் கிடைத்த உடல்கள் இன்னும் வியப்பானவை. பசிரிக் என்னுமிடத்துப் புதைமேடுகளுள் இரண்டாவதை 1947, 1948ஆம் ஆண்டுகளில் செர்கேய் ருதென்கோ அகழ்ந்தார். புதைகுழிக்குள் புகுந்த நீர் உறைந்து பனிக்கட்டியானதால் துணி, மரம், தோல் எல்லாம் கெடாதிருந்தன. ஒரு தலைவனின் உடல் முழுதும் விலங்குகள்: கழுகு அலகுடைய மான்கள், ஆடுகள், சிங்க உடற் பறவைகள், காலில் பாதத்திலிருந்து முழங்கால் வரை நீண்ட ஒரு மீன். அவை நிற்கவில்லை, உடலைப் பாதியில் முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. கை அசைந்தால் மானும் அசையும்படி வரைந்த திறம் அது. முதுகெலும்பை ஒட்டிச் சில புள்ளிகளும் உள. அவை அழகுக்காக இடப்படவில்லை, வலிக்கு மருத்துவமாகக் குத்தப்பட்டவை என்று ருதென்கோ கருதினார்.

1993இல் அதே மலைத்தொடரின் உக்கோக் மேட்டுநிலத்தில் நத்தாலியா பொலோஸ்மாக் ஓர் இளம்பெண்ணின் கல்லறையைத் திறந்தார். ஏறத்தாழ 25 வயது. ஆறு குதிரைகளை அவளுடன் புதைத்திருந்தனர். இடது தோளில் மான் ஒன்று. அதன் வாய் கழுகின் அலகு, கொம்பின் ஒவ்வொரு கிளையின் நுனியும் பறவைத் தலை. செய்தித்தாள்கள் அவளை இளவரசி என்றன. இளவரசி என்பதற்குச் சான்று இல்லை. பொலோஸ்மாக்கும் அவ்வாறு கூறவில்லை. சமயச் சடங்குகளிலோ மருத்துவத்திலோ ஈடுபட்டவளாயிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

அவளை நொவோசிபிர்ஸ்க் நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்றனர். அல்தாய் மக்கள் அதனை ஏற்கவில்லை. தங்கள் மண்ணைக் காத்துநின்றவளைப் பெயர்த்தெடுத்தது தீங்கு என்றனர். 2003இல் அப்பகுதியைப் பெருநிலநடுக்கம் தாக்கியபோது அந்நம்பிக்கை உறுதிப்பட்டது. 2012இல் அவள் அல்தாய்க் குடியரசின் தலைநகரான கோர்னோ-அல்தாய்ஸ்க் அருங்காட்சியகத்துக்குத் திரும்பினாள். மறுபடியும் மண்ணில் புதைக்கவேண்டும் என்ற கோரிக்கை அதன்பின்னும் எழுந்தது. ஆய்வாளருக்கு அவள் தோள் கிடைத்தற்கரிய கலைப்பொருள். அம்மக்களுக்கு அது ஒரு மூதாட்டியின் தோள். இரண்டு கூற்றிலும் உண்மை இருப்பதனாலேயே வழக்கு தீராதிருந்தது. அவளுடைய படம் இன்று உலகெங்கும் பச்சைக் கடைகளின் ஏட்டில் இருக்கிறது. அவளைக் கேட்டு எடுத்ததன்று.

2025இல் வெளிவந்த ஆய்வொன்று இத்துறையில் புதுவழி காட்டுகிறது. ரஷ்யாவின் எர்மிட்டாஷ் அருங்காட்சியகத்திலுள்ள மற்றொரு பசிரிக் பெண்ணின் கைகளை மிக நுண்ணிய அகச்சிவப்புப் படங்களாக எடுத்து, பச்சை குத்துவதில் பழகியவர் ஒருவரையும் உடன்வைத்துக்கொண்டு ஆராய்ந்தனர். சிறுத்தைகளும் மானும் சேவலும் அவற்றில் தெளிந்தன. வலக்கையின் வேலை நுட்பமாயும் கையின் வளைவுக்கு இசைந்ததாயும் இருந்தது. இடக்கையின் வேலை அத்துணைச் சிறப்பில்லை. இரு கைகளையும் குத்தியவர் வேறு வேறானவராகலாம். அல்லது ஒருவரே முதலில் இடக்கையில் பழகிப் பின்னர் வலக்கையில் தேர்ந்தவராகலாம். மானின் பொருள் என்ன என்று ஓயாது கேட்டவர்கள், குத்திய கை எப்படிக் கற்றது என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். இக்கேள்விக்கு விடை அந்த உடலிலேயே இருக்கிறது.

விலங்கு ஏறும் நாள்

பர்மாவிலும் தாய்லாந்திலும் பச்சையின் போக்கு வேறு. பர்மிய ஆடவர் இடுப்பிலிருந்து முழங்கால் வரை இடைவெளியின்றிக் குத்திக்கொள்வது முன்னர் பொதுவழக்கம். புலி, பூனை, குரங்கு, யானை, அரக்கர் என உருவங்கள் நிறைந்திருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றி எழுத்துகள் வேலியிட்டிருக்கும். வலி பொறுக்கச் சிறுவர்க்கு அபின் கொடுத்தனர். குத்திக்கொள்ளாதவனைப் பெண் என்று ஏளனம் செய்வர். பர்மாவில் வாழ்ந்த தமிழர் இவ்வழக்கத்தை நன்கு கண்டவர்கள்.

தாய்லாந்தில் இது சாக் யந்த் எனப்படும். சாக் என்றால் குத்துதல்; யந்த் என்பது யந்திரம். செப்புத்தகட்டில் எழுதும் யந்திரத்தைத் தோலில் எழுதினால் எப்படியோ அப்படி. உருவத்தைச் சூழும் மந்திரங்கள் கெமர் எழுத்தில் இருக்கும். அக்கெமர் எழுத்து பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது என்பதை எழுத்து வரலாறு அறிந்தோர் அறிவர். தாய்லாந்துப் படகோட்டியின் முதுகில் காஞ்சிபுரத்து எழுத்தின் வழித்தோன்றல் புலியைக் காத்து நிற்கிறது.

இங்கே விலங்கைத் தேர்பவன் பெரும்பாலும் குத்திக்கொள்பவன் அல்லன், ஆசிரியரே. ஆளைப் பார்த்து, அவன் தொழிலைக் கேட்டு, இன்னது என்று முடிவுசெய்வார். போர்த்தொழிலுடையானுக்கு இணைப்புலி. வணிகம் செய்பவனுக்கும் இனிய பேச்சை வேண்டுபவனுக்கும் பல்லி. பகைவர் பிடியிலிருந்து நழுவவேண்டியவனுக்கு விலாங்கு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் தமிழர்க்கு இரண்டாவது வியப்பளிக்காது. விலாங்கைக் காவலாகக் கொள்ளும் எண்ணம் புதிது. வழுக்குவதும் ஓர் ஆற்றல் என்று கண்டவர்கள் அம்மக்கள். பச்சையோடு சில ஒழுக்க விதிகளும் ஏற்கப்படும். பொய் சொல்லாமை, பிறன்மனை நோக்காமை முதலியவை அவற்றுள் அடங்கும். விதி தவறினால் புலி வெறும் கரியாகிவிடும் என்பர்.

நக்கோன் பாதோம் மாநிலத்து வாட் பாங் பிரா என்னும் பௌத்த மடம் இக்கலைக்குப் புகழ்பெற்றது. ஆண்டுதோறும் மார்ச் மாத அளவில் அங்கே ஆசிரியர் வணக்க விழா நடைபெறும். ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருக்க, திடீரென ஒருவர் உறுமி எழுவார். புலி குத்தியவர் நான்கு காலில் பாய்வார். பாம்பு குத்தியவர் நெளிவார். அனுமனைக் குத்தியவர் தாவுவார். பீடத்தை நோக்கி ஓடிவருபவர்களைத் தொண்டர்கள் தாங்கிப் பிடித்துக் காதைத் தேய்த்துவிட, விழித்தெழுந்தவர்போல் திரும்பிச் செல்வார். கோயில் திருவிழாவில் சாமியாடுவதைக் கண்டவர்க்கு இது புரியும். நாளெல்லாம் பணிந்து வேலை செய்பவன் ஆண்டுக்கொரு நாள் புலியாகிறான்.

கடலோடிகளின் விலங்குகளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். மேனாட்டு மாலுமி ஒரு பாதத்தில் பன்றியும் மறு பாதத்தில் சேவலும் குத்திக்கொள்வான். இரண்டும் நீந்தத் தெரியாதவை என்று கருதப்பட்டவை. பின் ஏன் அவை? கப்பலில் அவற்றை அடைத்துக் கொண்டுசெல்லும் மரக்கூண்டுகள், கப்பல் மூழ்கியபின்னும் மிதந்து கரை சேர்ந்தன என்பது அவர்கள் கூறும் காரணம். தகைவிலான் குருவி கரைக்குத் திரும்புதலைக் குறிக்கும். ஏட்டு அகராதியில் பன்றிக்குக் கரைசேர்த்தல் என்னும் பொருளைத் தேடினால் கிடைக்காது.

ஜப்பானிலும் சீனத்திலும் விலங்குப் பச்சை கதையோடு வந்தது. லியாங் மலைக் கொள்ளையரைப்பற்றிய சீனக் கதையில் ஷி ஜின் என்பானுக்கு உடலில் ஒன்பது நாகங்கள். அக்கதை ஜப்பானில் பரவி, 1827 முதல் ஓவியர் குனியோஷி அவ்வீரர்களைப் பச்சை நிறைந்த உடலோடு அச்சுப்படங்களாக வெளியிட, தொழிலாளரும் தீயணைப்போரும் அவற்றைத் தம் முதுகில் ஏற்றனர். 1872இல் அரசு தடை விதித்தது. 1948இல்தான் தடை நீங்கிற்று. தடைக்காலத்தில் நாகம் ஒளிந்து வாழ்ந்தது. ஒளிந்து வாழ்ந்ததனாலேயே குற்றவாளியின் அடையாளமென்று பெயரெடுத்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இரகசியச் சங்கங்களோடு நாகமும் புலியும் தொடர்புபடுத்தப்பட்டன. நாகம் குத்திய முதுகைக் கண்டதும் முடிவுகட்டிவிடும் வழக்கம் இன்னும் முழுதும் மறையவில்லை.

உடலிலுள்ள குறியைப் படித்து ஆளை முடிவுசெய்யும் வழக்கத்துக்கு இந்நாட்டு வரலாற்றில் கொடிய சான்று உண்டு. கும்பினியார் ஆட்சியில் ஆயுள்தண்டனை பெற்ற இந்தியக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சையாகக் குத்தி அனுப்பினர். பினாங்கிலும், 1825 முதல் சிங்கப்பூரிலும் சாலை போட்டவர்களுள் அத்தகையோர் இருந்தனர். 1849இல் அத்தண்டனை ஒழிக்கப்பட்டது. தலைப்பாகையை நெற்றிக்குக் கீழே இறக்கிக் கட்டி எழுத்தை மறைத்தனர் கைதிகள். தேளை மறைத்த தாயும் எழுத்தை மறைத்த கைதியும் ஒன்றல்லர். அவள் விரும்பி ஏற்றாள், அவன்மேல் திணித்தனர். பார்ப்பவர் கண் இருவரையும் ஒன்றாக்கிவிட்டது.

இக்காலத்தில் பச்சைக் கடைகளுக்கு வருவோர் பலர் கேட்பது புலியை அன்று. இறந்துபோன தம் நாயின் காலடித் தடத்தையோ பூனையின் முகத்தையோ நிழற்படத்தோடு கொண்டுவந்து கேட்கின்றனர். இவ்விலங்குகளுக்கு எந்த ஏட்டிலும் பொருள் இல்லை. ஒரு காது மடிந்த நாய்; அவ்வளவே. அதன் பெயரும், அது வாயிலில் காத்திருந்த ஆண்டுகளும் குத்திக்கொண்டவர்க்கே தெரியும். குத்துபவர் அந்த மடிந்த காதைப் பிழையின்றி வரைந்துவிட்டால் போதும்.

வேண்டாதவர்க்கு அழிக்கும் வழியும் வந்துவிட்டது. லேசர் ஒளி தோலிலுள்ள கரியை நுண்துகளாகச் சிதைக்க, உடல் அத்துகளைச் சிறிது சிறிதாக நிணநீர் வழியே கொண்டுசெல்கிறது. முழுதும் வெளியேறுவதில்லை. லேசர் படாத பச்சையிலிருந்தும் கரி இவ்வாறு சிறிது செல்வதுண்டு. அறுவை மருத்துவர்கள் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துப் பார்க்கும்போது, கையில் பச்சை குத்தியவர்களிடத்து அவை கருத்திருக்கக் காண்கின்றனர். முன்கையிலிருந்த தேளின் கரியில் ஒரு பங்கு அங்கே போய்த் தங்கியிருக்கிறது.